வரைபடத்தில் நான் வைத்த நட்சத்திரம்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் குழந்தையும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்தது முதல் படுக்கும் வரை எங்கள் நினைப்பு. அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று பார்ப்பாய். காரணம் இருக்கிறது, படித்ததும் கிழித்துவிடு. அத்தை மகன் லீவு முடிந்து அந்தப் பக்கம் திரும்புகிறான், உன் ஆபீஸில் வைத்து உன் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அவனைப் பிரிந்து வந்த பிறகும் மாப்பிள்ளை என்றே எழுத வருகிறது, பழக்க தோஷம். அவன் உன் புது வீட்டுக்கு எதிரே வந்து நின்றான் என்று போன வாரம் அழுதாயே, விலாசத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களாப்பா என்று கேட்டாயே, சத்தியமாக இல்லை என்றேன். சொல்லவில்லை, காட்டிவிட்டேன் அம்மா. போன் சார்ஜ் நிற்கவில்லை என்று முந்தாநாள் நம் பல் லேப் பக்கத்து மொபைல் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, இதுல இருக்கிற ஈமெயில் கணக்கு யாரோடது சார் என்று கேட்டார். அவனுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் போனை வாங்கிக் கொடுத்தபோது, உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம் என்று தன் கணக்கையே போட்டுக் கொடுத்தான், நானும் பூரித்துப் போனேன். நான் எடுக்கிற படம், சேர்க்கிற நம்பர், குறித்து வைக்கிற இடம் எல்லாம் அவனும் பார்க்கலாமாம். பல் செட்டில் ஒரு முடி அளவு உயரம் தப்பினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, சட்டைப் பையிலேயே அவன் கண் கிடந்தது தெரியவில்லை.

நீ சொன்ன விலாசத்தை லேப் ஆர்டர் சீட்டின் பின்னால் எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். மறந்து போகுமே என்று போன் வரைபடத்தில் நட்சத்திரம் போட்டு, பாப்பா புது வீடு என்று பெயரும் வைத்தேன். தினமும் வேலைக்கு உட்காருமுன் அதைத் திறந்து உன் கட்டடத்தின் படத்தை, அந்தப் பழுப்பு கேட்டை, ஒரு தடவை பார்ப்பேன். அவனும் பார்த்திருக்கிறான். பெரிய கம்பெனிகளின் கணக்கோ ஆப்போ எதுவும் இல்லாத போனுக்கு நீ மாறியபோது சாமியார் போன் என்று கேலி செய்தேன், பேரன் படம் லேட்டாக வருகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீ உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அலைந்தாய், நான் வசதி பார்த்தேன். என்னை மன்னித்துவிடு.

இப்போது எதையும் அழிக்காதீங்க, அழிச்சா அவருக்குச் சந்தேகம் வரும், முதல்ல பொண்ணு வேற இடத்துக்குப் போகட்டும் என்கிறார் கடைக்காரர். அதனால் போன் வழக்கம்போல் சமையலறை அலமாரியில் கிடக்கிறது, சொந்தக்காரர்களுக்கு வழக்கம்போல் காலை வணக்கம் அனுப்புகிறோம். அம்மா உன் பேச்சை எடுக்கும்போது குழாயைத் திறந்துவிடுகிறாள். அதுக்குக் காது கேக்காதுடி என்றேன், சத்தியம் பண்ணுவீங்களா என்று கேட்டாள், நானே போய்க் குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டேன். நேற்று ஒரு பல் அச்சைக் கீழே போட்டு உடைத்தேன். நீ வீடு மாறியதும் நாங்களும் சாமியார் போனுக்கு வந்துவிடுகிறோம். பேங்க், கரண்ட் பில், ஆஸ்பத்திரி டோக்கன் எதுவும் அவ்வளவு சுலபமாக இருக்காதாம். இருக்கட்டும், வரிசையில் நிற்க எனக்குக் கால் இருக்கிறது.

நீ உடனே வீடு மாறு. போலீசில் இதையும் சொல். பள்ளிக்கூடத்தில் உன்னைத் தவிர யார் வந்தாலும் குழந்தையை அனுப்பக் கூடாது என்று டீச்சரிடம் எழுதிக் கொடு. தினமும் ஒரே வழியில் போகாதே. முக்கியமாக, எங்கே போகிறாய் என்று எனக்குச் சொல்லாதே. ஊர் பேராவது தெரியக் கூடாதா என்று அம்மா அழுகிறாள், கூடாது என்றுவிட்டேன். நாளைக்கு நானே மனசு கேட்காமல் கேட்டாலும் சொல்லாதே.

உனக்கும் பேரனுக்கும் ஒரு குறையும் வராது, எங்கள் ஆயுசையும் சேர்த்து நீங்கள் நன்றாக இருப்பீர்கள். புது வீட்டில் தாழ்ப்பாள் போட்டதும் லேபில் இருக்கும் பழைய டெலிபோனுக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிடு. பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன், எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா