இருநூற்றுப் பன்னிரண்டு ஆஜர்

6 பிப்ரவரி 2007

கோர்ட்டில் பழைய வழக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கி நான்கு மாதம். எது ஏன் இழுக்கிறது என்று கண்டுபிடித்து ஜட்ஜுக்குப் பட்டியல் தர வேண்டும். பெரும்பாலும் ஒரே காரணம்தான்: யாராவது வரமாட்டார்கள். வக்கீல் வராவிட்டால் வாய்தா, சாட்சி வராவிட்டால் வாய்தா.

இன்று ஒரு விசித்திரம். 1993-ஆம் வருட வழக்கு. வாதி சந்திரம்மா, இப்போது வயது 62 இருக்கும், மாமல்லபுரம் பக்கம் ஒரு குப்பம். அவர் குடியிருக்கும் மனையை ரிசார்ட் கட்டுகிறவர் கேட்கிறார். 212 வாய்தா. 212 தடவையும் ‘வாதி ஆஜர்’. காய்ச்சல் தலைவலிகூட வராத மனுஷியா? பட்டியலில் முதலிடம் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

13 பிப்ரவரி

அந்த அம்மாளைப் பார்க்க வராந்தாவில் நின்றேன். வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி ராமதாஸ் “சந்திரம்மா!” என்று மூன்று முறை கூப்பிட்டார். “ஆஜருங்கோ!” கிழவியின் குரல், கரகரப்பு. திரும்பினால் முப்பது வயதுப் பெண்.

மகள், அமிர்தவல்லி. “அம்மா சுனாமில பூட்ச்சு மேடம். கூப்ட்டா கொரல் குடுக்கணும், இல்லன்னா கேஸ் பூடும்னு அதுதான் சொல்லிகினே இருக்கும். அதான் நான் குடுக்கறேன்.”

வக்கீலிடம்கூடச் சொல்லவில்லையாம். ஐயோ! வாதி இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கே போய்விடும். இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. பட்டியலால் இனி எல்லோரும் இந்த வழக்குக் கட்டைப் புரட்டுவார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

14 பிப்ரவரி

தூக்கமில்லை. அமிர்தவல்லியின் வக்கீலிடம் உண்மையைச் சொல்லி, அவளை வாரிசாகச் சேர்க்க மனு போடச் சொன்னேன். வாய்தா தேதிகளை நானே அச்செடுத்துத் தருகிறேன் என்றேன். உதவி செய்கிறேனா, செய்த பாவத்துக்குப் பரிகாரமா?

20 பிப்ரவரி

அமிர்தவல்லி அச்செடுத்த தாளைப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். 14 மார்ச் 2006. “அன்னிக்கி நான் வர்லயே. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில கொயந்த பொறந்துச்சு.”

பதிவில் ‘வாதி ஆஜர்’ இருக்கிறது.

ராமதாஸைக் கேட்டேன். “கொரல் வந்துச்சு, உள்ள சொன்னேன். மூஞ்சியா பாத்துகினு கீறேன்?” யார் குரல் என்றேன். “அந்தம்மா கொரல்தான். வேற இன்னா?”

அமிர்தவல்லியிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவளுக்குப் பயமில்லை. சிரித்தாள்.

11 ஜூன்

மனு ஏற்கப்பட்டது! அமிர்தவல்லி இப்போது வாதி. கம்ப்யூட்டரில் பெயரை நானே மாற்றினேன். 14 மார்ச்சைத் திருத்தவில்லை. என்னவென்று திருத்துவது?

5 ஜூலை

எழுதவே கை வரவில்லை. வக்கீல் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். ராமதாஸ் மூன்று முறை கூப்பிட்டார்: “அமிர்தவல்லி!” வராந்தாவில் சத்தமே இல்லை. யாரோ வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டதுபோல.

ஐந்து நிமிஷத்தில் உத்தரவு: வாதி ஆஜராகவில்லை, தள்ளுபடி.

ஓடி வெளியே வந்தேன். கதவுக்கு நேர் எதிரே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“இன்னும் கூப்டல மேடம். அம்மா பேரு வர்ட்டும்னு காத்துகினு கீறேன்.”