எண்ணெய்க் காசு

இன்று காலை ஜெலுத்தோங் பெட்ரோல் நிலையத்தில் குழாயைத் திரும்ப மாட்டும்போது கொஞ்சம் எண்ணெய் கையில் சிந்திவிட்டது. இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் உனக்கு இதை எழுதுகிறேன். விலை மறுபடியும் ஏறியிருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடியே ஆத்திரம் வந்தது. உன்மேல், என்மேல், இந்த ஊர்மேல்.

நம் கூட்டத்தில் காடி வாங்காத ஒரே ஆள் நீ. பாயான் பாரு தொழிற்சாலையில் நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்பெனி பஸ் நம்மை வீட்டுப் பக்கத்திலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். பிறகு ஒவ்வொருவராகக் கடனில் கார் எடுத்தோம். பஸ்ஸில் ஆள் குறைந்தது, பஸ்ஸும் நின்றது. நீ மட்டும் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு ஃப்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாய். "காடி வாங்கினா அதுக்கும் சேத்துச் சோறு போடணும். எனக்குப் பொண்டாட்டி ஒருத்தி போதும்லா" என்பாய். கஞ்சன் என்று உன்னைக் கேலி செய்தோம். உண்மையில் எங்களில் புத்தியோடு இருந்தவன் நீ ஒருவன்தான்.

ஆனால் இந்த ஊரில் அந்தப் புத்தி, நடக்கக் கால் இருக்கும்வரைதான் செல்லும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் இனிப்புநீர் வியாதியால் உன் வலது பாதத்தில் புண் வந்தது. வாரம் இரண்டு முறை டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டு மாற்றச் சொன்னார்கள். பஸ் நிறுத்தமோ பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோட்டைக் கடக்க ஒரு மேம்பாலம். ஏறப் படிகள், இறங்கப் படிகள். அதைக் கட்டியவர்கள் யாரும் புண் காலோடு ஒரு நாள்கூட அதில் ஏறியிருக்க மாட்டார்கள். ஏறி இறங்கினாலும் பஸ் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. ரோட்டை மட்டும் வருடா வருடம் அகலமாக்கினார்கள். காடி இல்லாதவன் சீக்காளியாகக்கூட இருக்க முடியாத ஊராக இதை ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

அதனால் நான் வந்தேன். செவ்வாயும் வெள்ளியும் ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் பாருவுக்கு வந்து உன்னை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி, என் வீட்டைத் தாண்டி டவுனுக்குப் போக வேண்டும். நெரிசலில் ஊரும்போது பக்கத்துக் கார்களை எட்டி எட்டிப் பார்ப்பாய். "பாருடா, அஞ்சு சீட்டு, ஒரு ஆளு. அதோ அவனும் ஒரு ஆளு" என்று திட்டிக்கொண்டே வருவாய். அந்தத் திட்டு இல்லாமல் இப்போது அந்த ரோட்டில் எனக்கு ஓட்டவே பிடிப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் இதே நிலையத்தில்தான் எண்ணெய் ஊற்றினேன். விலை ஏறியிருந்தது. நீ உள்ளே உட்கார்ந்திருக்கிறாய் என்ற நினைவே இல்லாமல், கதவைத் திறந்தபடி நின்று கத்தினேன். "இப்படியே போனா காடிய வித்துட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்!" நான் ஏறி உட்கார்ந்ததும் நீ மடித்த நோட்டு ஒன்றை நீட்டினாய்.

"எண்ணெய்க் காசுடா. வச்சுக்க."

நம் ஆட்களுக்குள் கூட்டாளியிடம் எண்ணெய்க் காசு வாங்குவது கேவலம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். "நான் என்ன டாக்சியா ஓட்டுறேன்?" என்று அதை உன் மடியிலேயே விட்டெறிந்தேன். பெரிய மனதோடு நடந்துகொண்டதாக எனக்கு ஒரே பெருமை. நீ நோட்டை நீவி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரும்வரை எந்தக் காரையும் திட்டாமல் வந்தாய்.

திங்கட்கிழமை போன் செய்தாய். "இனிமே மாசம் ஒரு தடவ வந்தா போதுமாம்டா. நர்ஸ் சொல்லிட்டாங்க. புண்ணு ஆறுது."

இதை எழுதக் கை கூசுகிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் கால் ஆறுகிறது என்பதால் மட்டுமில்லை, வாரத்தில் இரண்டு நாள் ஓட்டம் மிச்சம் என்பதாலும்தான். அதனாலேயே ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஆம்புலன்ஸில்தான் நீ டவுனுக்கு வந்தாய். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபோது உன் மனைவி மேரி என்னிடம் வந்தாள். "அண்ணே, நர்ஸ் அப்படி ஒன்னும் சொல்லலண்ணே. இவரு வீட்லயே கட்டு மாத்திக்கிட்டாரு. ஏன்னு கேட்டா, 'அவன் காசும் வாங்க மாட்டேங்கிறான், எண்ணெயும் ஊத்த முடியாம கெடக்கிறான், எந்த மூஞ்சியோட ஏறுறது'ன்னாரு."

ஏன்டா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு நோட்டை என் முகத்தில் வீசியிருக்கலாமே! உன் மானத்துக்கும் என் பெருமைக்கும் நடுவில் ஒரு கால் அழுகியது. அந்த நோட்டை வாங்கிப் பையில் போட்டிருந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை நீ வாசலில் நின்றிருப்பாய். இதற்கு நான் யாரைப் போய்த் திட்டுவது?

இப்போது மேரிக்குக் கண்ணில் புரை. இன்று காலை அவளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது தயங்கித் தயங்கி ஒரு நோட்டை எடுத்தாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"வெல ஏறிடுச்சு மேரி. இன்னும் ரெண்டு வெள்ளி காசு குடு" என்றேன். அவள் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

"டாக்டர் அடுத்து எப்ப வரச் சொன்னாரு?"

"ரெண்டு மாசம் கழிச்சுப் போதும்னு சொன்னாருண்ணே."

நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"தேதி போட்ட அட்டைய எடு. நானே பாக்கிறேன்."