இருபதாம் தேதிக்குள் இழுக்க வேண்டும்

ஏப்ரல் 2

வாலுவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் வாலுவும் நலம்தானே?

நேற்று மாலை ஐந்து நாற்பதுக்கு ஒரு முடிவு எடுத்தேன். மூன்று நாள் யோசித்து, சாதக பாதகங்களை இரண்டு தாளில் எழுதி, மாடி வீட்டுக்காரரின் மாற்றுக் கருத்தையும் பொறுமையாகக் கேட்ட பிறகு எடுத்த முடிவு. நம்முடைய பழைய வேக்குவம் கிளீனரைத் தூக்கிப் போடுவதில்லை. பழுது பார்ப்பது. நானே பார்ப்பது.

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, இனி எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று உன் சித்தப்பா விதித்தபடி இதை எழுதுகிறேன்.

நீ சொன்ன நிபந்தனைகளில் திரைச்சீலைகளைக் கழற்றியாயிற்று. புத்தக அலமாரிகளுக்குக் கண்ணாடிக் கதவு போட்டாயிற்று. நூலகத்தில் வேலை பார்ப்பவன் வீட்டிலும் இனி புத்தகங்களை ஜெயிலுக்குப் போய்ப் பார்ப்பதுபோல் பார்ப்பான், பரவாயில்லை. மிச்சம் தரைத் தூசி. இருபதாம் தேதிக்குள் அது போனால்தான் வாலுவை விடுமுறைக்கு அனுப்புவாய். போன முறை இங்கே அவளுக்கு மூச்சிரைத்ததை நானும் மறக்கவில்லை. ஐந்து மாதமாக, மாதம் ஒரு ஞாயிறு, உங்கள் ஊர்ப் பூங்கா பெஞ்சில் வைத்துத்தான் அவளைப் பார்க்கிறேன்.

மெஷினின் சத்தம் ஊரைக் கூட்டுகிறது. ஆனால் ஒரு பேப்பர் துண்டைக்கூட நகர்த்த மாட்டேன் என்கிறது. எங்கள் தலைமை நூலகரும் இதே ரகம் என்பதால் எனக்குப் பழக்கம்தான். இருந்தாலும் என்ன செய்யலாம், சொல்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா


ஏப்ரல் 5

வாலுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முடிவெடுத்த நேரத்தை நிமிஷக் கணக்கில் எழுதியவர், கடைசியாகத் தூசிப் பையை மாற்றியது எந்த வருஷம் என்று எழுதவில்லை.

பத்து வருஷமாகப் பல் டாக்டர் பக்கத்தில் நின்று அடுத்தவர் வாயில் உறிஞ்சு குழாய் பிடிப்பவள் சொல்கிறேன். இழுக்கவில்லை என்றால் மோட்டாரைத் திட்டக்கூடாது, காற்று போகிற வழியைப் பார்க்க வேண்டும். எங்கோ அடைத்திருக்கும், இல்லை எங்கோ ஒழுகும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பையை மாற்றுங்கள். பிறகு குழாயைக் கழற்றி வைத்து, மெஷினை மட்டும் ஓடவிட்டு, அந்த ஓட்டையில் உள்ளங்கையை வையுங்கள். கையைப் பிடித்து இழுத்தால் குற்றம் குழாயில். இழுக்காவிட்டால் உள்ளே. குழாயை நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு காசு போட்டால் கீழே விழ வேண்டும். தரைப் பிரஷ்ஷையும் திருப்பிப் பாருங்கள், முடி சுற்றியிருக்கும். உங்கள் தலையில் அந்த வசதி இல்லை; என்னுடையதாகத்தான் இருக்கும். வெட்டி எடுங்கள்.

தேதி இருபதுதான். மாற்ற மாட்டேன்.

வாலுவின் அம்மா


ஏப்ரல் 9

வாலுவின் அம்மாவுக்கு,

காசு போட்டேன். வரவில்லை. அதைத் தேடி இன்னொரு காசை அனுப்பினேன், அதுவும் வரவில்லை. ஒட்டடைக் கம்பை விட்டுக் குத்தியதில் வாலுவின் ஒற்றைச் சாக்ஸ், ஒரு பென்சில் துண்டு, என் சொந்த நூலக அட்டை (தொலைந்தது என்று நானே கையெழுத்துப் போட்டு அறிவித்தது), இரண்டு காசுகள் ஆகியவை வெளியே வந்தன.

பிரஷ்ஷில் முடி இருந்தது. நீளமானது. எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கத்தரிக்கோல் கூர்மையாகத்தான் இருந்தது.

பையும் புதிது. அப்படியும் உள்ளங்கையை வைத்தால், பிடிக்காத சொந்தக்காரர் கை கொடுப்பதுபோல் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. ஆக, குற்றம் உள்ளே. "புதுசு வாங்கிடுங்க சார், இது உங்களுக்குத் தண்ணி காட்டுது" என்கிறார் மாடி வீட்டுக்காரர். நான் விடுவதாக இல்லை.

வாலுவின் அப்பா


ஏப்ரல் 12

வாலுவின் அப்பாவுக்கு,

அப்படியானால் ஃபில்டர். மோட்டாருக்கு முன்னால் பஞ்சு மாதிரி ஒன்று இருக்கும். அதைக் கழுவி ஒரு முழு நாள் காயவையுங்கள். ஈரத்தோடு போட்டால் மோட்டார் போய்விடும். காற்று வெளியேறும் பின்பக்கம், மடித்த காகிதம் மாதிரி இன்னொன்று. அதைக் கழுவக்கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

வாலு இப்போதே பையைக் கட்டிவிட்டாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மெஷினுக்கும் வீசிங்காம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாவம், ரொம்ப ஓட விடாதீங்கப்பான்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். நீங்கள் ஓட விடுங்கள்.

வாலுவின் அம்மா


ஏப்ரல் 16

வாலுவின் அம்மாவுக்கு,

வெற்றி. பஞ்சு கழுவிக் காய்ந்தது. பின்பக்கத்து ஃபில்டர் சட்டியின் அடிபோல் கறுத்திருந்தது. எந்தக் கடையிலும் இல்லை, ஆர்டர் போட்டால் ஒரு வாரம் என்றார்கள். ஒரு வாரத்துக்கு எங்கே போவது? அது இல்லாமலேயே ஓட்டினேன்.

இழுவை என்றால் அதுதான் இழுவை. விரிப்பின் மூலையை விழுங்கியது. என் செருப்பு தானாக நடந்தது. மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்; தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். வீடு முழுக்க மூன்று முறை ஓட்டிவிட்டேன். இருபதாம் தேதி வாலுவை அனுப்பு.

வாலுவின் அப்பா


ஏப்ரல் 17

வாலுவின் அம்மாவுக்கு,

நேற்றைய கடிதத்தை நம்பாதே.

காலையில் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. மேஜை, கண்ணாடிக் கதவு, வாலுவின் கட்டில் எல்லாவற்றின் மேலும் மாவு சலித்ததுபோல் மெல்லிய தூசி. விரலால் கோடு போட முடிந்தது. மெஷின் தரையில் இருந்ததை முன்பக்கம் வாங்கி, அதில் நயமானதை மட்டும் பின்பக்கம் வழியாக வீடு முழுக்கச் சமமாக விநியோகித்திருக்கிறது. எந்த அரசாங்கத்தாலும் முடியாத நேர்மை.

துடைத்துவிட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. இருபதாம் தேதி ஸ்டேஷனில் நின்று அவளைக் கூட்டி வந்திருப்பேன். அவள் நெஞ்சுக்குத் தெரிந்திருக்கும்.

அனுப்பாதே. ஃபில்டருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன், இருபத்து மூன்றாம் தேதி வரும். லீவும் போட்டாயிற்று. சுவர், கூரை, கட்டில், மின்விசிறி என்று ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். இன்றைக்கு ஒரு அறை முடிந்தது. ஃபில்டர் வந்ததும் மறுபடி தரையிலிருந்து தொடங்குவேன்.

வாலுவிடம் மெஷின் மேல் பழி போடாதே. அப்பாதான் தப்புப் பண்ணினார் என்று சொல்.

வாலுவின் அப்பா


ஏப்ரல் 20

வாலுவின் அப்பாவுக்கு,

இரண்டு கடிதங்களும் ஒரே தபாலில் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு ஒரு பதில் எழுதினேன். இரண்டாவதைப் படித்துவிட்டு அதைக் கிழித்தேன்.

வாலுவிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். கட்டின பையைப் பிரிக்கவிடாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

இருபத்தேழாம் தேதி காலை வண்டியில் நானே கூட்டி வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். நான் அடுத்த வண்டியில் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்க நேரமிருக்காது.

இத்துடன் ஒரு சின்னப் பார்சல். அவளுக்கு இன்னொரு இன்ஹேலர் வாங்கினேன். அங்கேயே இருக்கட்டும். மருந்து அடுத்த வருஷம் ஆகஸ்ட் வரை செல்லும்.

வாலுவின் அம்மா