செல்வி வந்துபோன சாயங்காலம்

ஜூன் 3, செவ்வாய்

வெயில் குறையவில்லை. விடுதியில் ஒன்பது அறைகளுக்கு விரிப்பு மாற்றினோம். இடுப்பு வலி.

வாங்க: ஆதார் நகல் 2, தேங்காய் எண்ணெய், நோட்டுக்கு அட்டை.

நேற்று பள்ளி திறந்தது. கனி ஐந்தாம் வகுப்பு. படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் அவளே ‘பெங்களூரில் வேலை’ என்று எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை. அவள் அம்மா, என் தங்கை செல்வி, வேலூர் பெண்கள் சிறைக்குப் போய் ஒன்றரை வருடம். புருஷனைக் கொன்ற வழக்கு. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

மதியம் வக்கீலம்மா போன்.

“சம்பவம் நடந்த அன்னிக்கு சாயங்காலம் உங்க தங்கச்சி ஊர்ல இல்லைங்க. எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குத் திரும்பியிருக்காங்க. எங்க போனாங்கன்னு கேட்டா வாயே தொறக்க மாட்றாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரியாதுங்க மேடம்.”

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் பக்கெட் நிரம்பி வழிந்து, தண்ணீர் படி வரைக்கும் ஓடியிருந்தது.

ஜூன் 4, புதன்

இங்கே மட்டுமாவது எழுதிவிடுகிறேன்.

அன்று நாத்தனாரைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கூடத்தில் பதினோரு பேர். நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். ஆறு மணி. கேட் தாழ்ப்பாள் சத்தம். செல்வி. காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது, கழுத்தில் விரல் தடம். “அக்கா, இன்னிக்கு ஒரு நாள் இங்க படுத்துக்கறேன்க்கா” என்றாள். நான் கேட்டைத் திறக்கவில்லை. “மாப்ள வீட்டுக்காரங்க இருக்காங்க. இப்ப போ. காலைல நானே வரேன்” என்றேன்.

போய்விட்டாள். அழக்கூட இல்லை.

அன்றிரவு அவள் புருஷன் மறுபடி கழுத்தைப் பிடித்தபோது குழவிக்கல் அவள் கைக்கு வந்திருக்கிறது. கனி பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாத்தனாருக்கு அந்த இடமே அமைந்தது. நல்லபடியாக இருக்கிறாள்.

தினமும் ஆறு மணிக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். யாரும் இல்லை. எதற்குப் போனாய் என்று இவர் கேட்டால், பூக்காரம்மா என்று சொல்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

வேலூர். போளூர் தாண்டி நல்ல மழை, ஜன்னல் மூடவில்லை, புடவை நனைந்தது. மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். முன்னால் ஒரு கிழவர், மகளுக்கு மூக்குக் கண்ணாடி கொண்டுவந்திருந்தார். “பவர் மாறியிருக்குமோ இன்னாவோ” என்று எல்லோரிடமும் கேட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி. போனில் அவள் குரல் வேறு யாருடையதோ போல. கனி சாப்பிடுகிறாளா, பேன் பார்க்கிறாயா என்று கேட்டாள். நான்தான் ஆரம்பித்தேன்.

“எங்கூட்டுக்கு வந்தத ஏன்டி வக்கீல்கிட்ட சொல்லல?”

“நான் எங்க வந்தேன்?”

“செல்வி.”

கண்ணாடியில் என் முகம் அவள் முகத்தின் மேல் விழுந்திருந்தது. எது யாருடைய கண் என்று தெரியவில்லை.

“உங்கூட்ல பிரச்ன ஆவும்க்கா. கனி அங்க இருக்கணுமில்ல. நீ பேசாம இரு.”

அதற்குள் நேரம் முடிந்தது.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. கனிக்குத் தலை சீவினேன். பேன் கம்மிதான். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

“கனி, அன்னிக்கு உங்கம்மா இங்க வந்தா. நான் போகச் சொல்லிட்டேன்.”

அவள் திரும்பவில்லை.

“தெரியும் பெரிம்மா. அம்மா என்ன முக்குக் கடைல நிக்க வெச்சுட்டுத்தான் வந்தா. நீ கேட்டத் தொறக்கல.”

“நீ... ஏன்டா சொல்லவேயில்ல?”

“அம்மா சொல்லக் கூடாதுன்னா. நீதான எனக்கு சோறு போடணும்.”

ஒன்றரை வருடம். என் பக்கத்தில்தான் படுக்கிறாள். ஒவ்வொரு தட்டுச் சோற்றையும் இதை வைத்துக்கொண்டேதான் தின்றிருக்கிறாள்.

பின்னலை முடிக்கச் சொன்னாள். முடித்தேன். ரிப்பன் கோணல்.

ஜூன் 11, புதன்

பௌர்ணமி. ரோடு கொள்ளாத கிரிவலக் கூட்டம், ஆட்டோ எதுவும் வராது. விடுதியிலிருந்து நடந்தே வீடு வந்தேன். எதிரே ஆயிரம் பேர், எல்லோரும் செல்வி வயசாகவே தெரிந்தார்கள்.

இவரிடம் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் கை நின்றது.

“எங்கிட்டகூட சொல்லலியே நீ.”

“பயமா இருந்துச்சு.”

“கோர்ட்ல சொன்னா என் தங்கச்சி மாமியார் வீட்டுக்குத் தெரியும். பேப்பர்ல வந்தாலும் வரும்.”

“தெரியட்டும்ங்க.”

கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அரை மணி கழித்து வந்தார். “வக்கீல் நம்பர் குடு. என்னிக்கு வரணும்னு நான் கேக்கறேன்” என்றார். அவரே போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

வக்கீலம்மா சொன்னது: குழந்தையைத் தவிர, காயத்தைப் பார்த்த ஒரே ஆள் நான்தான். சொன்னால் கொலை என்று நிற்காது, தண்டனை குறையும். அந்தம்மா என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஜூன் 14, சனி

கனியோடு வேலூர். அவளை அழைத்துவர வேண்டாம் என்று செல்வி முதல் நாளிலிருந்தே சொல்லியிருந்தாள். கேட்கவில்லை.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனி போனைப் பிடித்தபடி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“இங்க உன்ன அடிக்கிறாங்களாம்மா?”

“இல்லடா. இங்க யாரும் அடிக்கல. இங்க எனக்கு நல்லாத் தூக்கம் வருது.”

“அப்ப சரி.”

நான் போனை வாங்கி, சாட்சி சொல்லப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கனி என் மடியில் தூங்கினாள்.

ஜூன் 19, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். விடுதிக்கு லீவ். பச்சைப் புடவை. இவரும் கோர்ட்டுக்கு வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். செல்வியைப் பெண் போலீஸ் இரண்டு பேர் அழைத்துவந்தார்கள். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்க்கவேயில்லை.

கூண்டில் ஏறி எல்லாம் சொன்னேன். ஆறு மணி, காதோரம் ரத்தம், கழுத்தில் விரல் தடம், ஒரு நாள் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டது.

அரசு வக்கீல் எழுந்தார். “கூடப் பொறந்த தங்கச்சி ரத்தத்தோட வந்து நிக்கறா. நீங்க ஏம்மா கேட்டத் தொறக்கல?”

செல்வி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“வீட்ல விருந்தாளிங்க இருந்தாங்க” என்றேன்.

டைப் அடிக்கிறவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. “கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா” என்றார்.

மறுபடி சொன்னேன்.