உடைக்காத வெக்ஸ் டின்

சம்மாந்துறை
03.05.2009

அன்புள்ள ஹாஜறா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் வீட்டையும் அல்லாஹ் அப்படியே வைத்திருக்கட்டும். போனில் கதைக்கலாம்தான், ஆனால் எங்கள் வீட்டில் போனை எடுத்தால் எல்லோரும் பக்கத்தில் வந்து குந்திவிடுவார்கள். அதனால் ஆட்டோக்கார நூஹுவிடம் கடிதம் கொடுத்து விடுகிறேன்.

என் மகன் ஜவுபருக்கும் உங்கள் மகள் அம்ஹாவுக்கும் அடுத்த மாதம் நிக்காஹ் வைக்கலாம் என்று பேசினோமே. றியாத்தில் பியூட்டி பாலரில் வேலை செய்துவிட்டு வந்த என் மகள் ஜெஸீமா, அம்ஹாவின் கை காலுக்கு வெக்ஸ் போட்டு ரோமம் எடுத்துவிட ஆசைப்படுகிறாள். இப்போது எல்லா மணப்பெண்ணுக்கும் செய்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் வீட்டுக் கந்தூரிச் சாப்பாட்டுக்கு வந்த அன்று அம்ஹா லுஹர் தொழுகைக்கு வுழூ எடுக்கக் குளியலறைக்குப் போனாள். பெண்கள் மட்டும்தான் இருந்தோம். உள்ளே பூட்டக் கொண்டி இல்லாத அந்தக் கதவுக்கு வாளியை முட்டுக்கொடுத்துச் சாத்திக்கொண்டாள். கால் கழுவுவதற்குக் கதவு எதற்கு? சும்மா கேட்கிறேன், மனதில் எடுக்காதீர்கள்.

உங்கள்
சுபைறா


மருதமுனை
06.05.2009

அன்புள்ள சுபைறா மச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சும்மா கேட்கிறேன் என்று எழுதியிருந்த இடத்தைத்தான் இரண்டு தரம் வாசித்தேன். அவள் கூச்சமுள்ள பிள்ளை, அவ்வளவுதான்.

வெக்ஸ் வேண்டாம் மச்சி. அம்ஹா முகப்பருவுக்குக் குளிசை குடித்தவள். அது தோலை மெலியப்பண்ணும், மெழுகை இழுத்தால் ரோமத்தோடு தோலும் வரும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முதல் போட்டார்கள். காலெல்லாம் சீழ்க்கட்டு. மாப்பிள்ளை வந்தபோது அவள் காய்ச்சலில் கிடந்தாள். ஒரே சட்டிக்குள் ஒரே குச்சியை எத்தனை பேருக்குத் தொட்டார்களோ, யாருக்குத் தெரியும்?

உங்கள் மூத்த மருமகளுக்கு இப்படிக் கேட்டீர்களா? இவளுக்கு மட்டும் ஏன்? நானும் சும்மாதான் கேட்கிறேன்.

ஹாஜறா


சம்மாந்துறை
10.05.2009

ஹாஜறா மச்சிக்கு,

மூத்தவள் கல்யாணம் முடித்தபோது ஜெஸீமா றியாத்தில் இருந்தாள். அதுதான் பதில்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "குளிசை விட்டு ஆறு மாசமாவது போயிரிக்கணும் உம்மா. புது டின்தான் கொண்டுபோவன். ஒருக்காத் தொட்ட குச்சியத் திரும்ப உள்ள போடமாட்டன். முதல்ல என்ட மணிக்கட்டுல சூடு பாத்து, பிறகு அவட கையில ஒரு துண்டு போட்டுப் பாத்து, சிவக்காட்டித்தான் மிச்சம். புண், நரம்பு முடிச்சி இருந்தா அந்த இடத்த விட்டுருவன். சீனி வருத்தம், டயபிடிஸ் ஏதும் இரிக்கா எண்டும் கேளுங்க" என்றாள்.

குளிசையை நோன்புப் பெருநாளோடு நிறுத்தியதாக நீங்களே என்னிடம் சொன்னீர்கள். ஆறு மாதம் எப்போதோ போய்விட்டது. பிறகு என்ன பயம்?

நேராகவே எழுதுகிறேன். நம் வழக்கப்படி என் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்து வாழப்போகிறவன். பெற்று வளர்த்து உங்கள் கையில் தருகிறேன். எதையாவது மறைக்கிறீர்களா? வெக்ஸ் முடியாது என்றால் நாள் குறிப்பதைப் பிறகு பார்ப்போம்.

சுபைறா


மருதமுனை
14.05.2009

சுபைறா மச்சிக்கு,

அனுப்புங்கள். ஜெஸீமா மட்டும் வரட்டும். அறைக் கதவைச் சாத்துவோம் மச்சி, சாத்தத்தான் செய்வோம். சுனாமி என் மகனைக் கொண்டுபோனது. மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி. ஊருக்குக் காட்டுவதற்காக இவளை மெழுகால் சுட விடமாட்டேன்.

ஹாஜறா


சம்மாந்துறை
25.05.2009

ஹாஜறாவுக்கு,

ஜெஸீமா திரும்பி வந்து, "முடிஞ்சி உம்மா, வடிவா இரிக்கி" என்றாள். நானும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள், அவளை ஆட்டோவில் ஏற்றிப்போன நூஹு வந்து சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னான். திரும்பி வரும்போது காரைதீவுச் சந்தி சென்றியில் ஆட்டோவை மறித்து ஆமிக்காரன் ஜெஸீமாவின் பையைக் கிளறினானாம். "சண்ட முடிஞ்சிட்டெண்டு ரேடியோவில சொல்றாங்க, அவனுக்கு மட்டும் இன்னும் ஆரும் சொல்லல்ல போல. வெக்ஸ் டின்னுட சீலக் கிழிச்சி மணந்து பாத்திட்டு, தேனா எண்டு கேட்டான்."

திரும்பி வரும்போதுதான் சீல் கிழிந்திருக்கிறது. அப்படியென்றால் உங்கள் வீட்டில் அந்த டின்னைத் திறக்கவே இல்லை.

ஜெஸீமாவைக் கேட்டேன். வாய் திறக்கிறாள் இல்லை. என்னிடம் எதையும் ஒளிக்காத பிள்ளை. அறைக்குள் என்ன பார்த்தாள்? அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்து அனுப்பினீர்கள்? உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

சுபைறா


மருதமுனை
27.05.2009

சுபைறா மச்சிக்கு,

ஓம், டின்னைத் திறக்கவில்லை.

சுனாமி அன்று கூரைத் தகரம் ஒன்று அம்ஹாவின் வலது காலை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை உரித்துப் போட்டது. தொடையில் தோல் எடுத்து அங்கே ஒட்டினார்கள். நன்றாக நடக்கிறாள், ஓடவும் செய்வாள். ஆனால் இதைச் சொன்னதால் ஒரு சம்பந்தம் திரும்பிப் போனது. அந்தப் பயத்தில்தான் எப்போதோ விட்ட குளிசையைச் சாட்டு வைத்து உங்களுக்கு எழுதினேன்.

ஜெஸீமா அந்த இடத்தை விரலால் அமத்தி, "தொடுறது தெரியிதா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் அம்ஹா. "சூடு தெரியாத தோலுக்கு மெழுகு வைக்கப்படா. வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இழுத்தா ஒட்டின தோலும் கையோட வந்துரும்" என்றாள். மற்றக் காலுக்காவது போடு மகள் என்றேன். "ஒரு கால் ஒரு மாதிரி, மத்தக் கால் இன்னொரு மாதிரியா? வேணா மாமி. உம்மாட்ட நான் கதைக்கிறன்" என்று டின்னைப் பைக்குள் வைத்தாள். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் போன பிறகு அம்ஹா அழுதாள். ஆஸ்பத்திரி விட்டு வந்த பிறகு என்னைத் தவிர ஒருவர் அந்தக் காலைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

இனி உங்கள் விருப்பம்.

ஹாஜறா


சம்மாந்துறை
31.05.2009

அன்புள்ள ஹாஜறா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபம் இன்னும் போகவில்லை. காலுக்காக இல்லை, என்னிடம் சொல்லக்கூடாது என்று நினைத்தீர்களே, அதற்கு. நான் பெற்ற மகளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அது இன்னும் வலிக்கிறது.

ஜவுபருக்கு நிக்காஹ்வுக்கு முதல் விஷயம் தெரியட்டும். அவன் முகத்தைச் சுளித்தால் அவனோடு கதைக்கிறது என் பாடு. ஜூன் பத்தொன்பது வெள்ளிக்கிழமை நல்ல நாள். உங்களுக்கும் சரியா என்று எழுதுங்கள்.

அதற்கு முதல் ஒருநாள் அம்ஹாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வுழூ எடுக்க வாளியை முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அந்தக் கதவுக்குக் கொண்டி போட்டுவிட்டேன், உள்பக்கமாக.

உங்கள்
சுபைறா