கேட்காமல் போன மணி

மார்ச் 4
மருத்துவமனையில் செவிலியரான அண்ணி வார்டு வேலை முடிந்து நேராக என் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். ஏழாம் படுக்கையில் இருந்த அம்மாள் மணியை அழுத்தியிருக்கிறார், ஒலிக்கவில்லை. தானே எழுந்து நடந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.
"உங்க கம்பெனி மணிதானே? அணைச்சுப் போட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி அடிக்குது."
எங்கள் மணிதான். அதற்குள் ஓடும் நிரல் நான் எழுதியது.

மார்ச் 5
மேலாளரிடம் சொன்னேன். எதையும் "நாளைக்கே அனுப்பணும்" என்பவர். நாங்கள் வைத்த பெயரே 'நாளைக்கே'.
"இருநூறு மணிப் பெட்டி போயிருக்கு, ஒரே ஒரு புகார். அந்தம்மா அழுத்தியிருக்க மாட்டாங்க."
விழுந்தவர் மேலேயே பழியா?

மார்ச் 9
நிரலை வரிவரியாகப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. விடுவதாக இல்லை.

மார்ச் 12
படுக்கை மணி, சொட்டுமருந்து தீர்ந்தால் சொல்லும் கருவி — இரண்டும் ஒரே கம்பி வழியாகத்தான் பெட்டிக்குள் நிரலை ஓட்டும் செயலியைக் கூப்பிடுகின்றன. கம்பியில் மின்னழுத்தம் ஏறும் கணத்தில், செயலி கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு யார் என்று பார்க்கும். முதலில் மணி, அடுத்து மருந்து. சரி, கூப்பிட்டது மருந்துக் கருவி. மணியைப் பார்த்து 'நீ இல்லை' என்று செயலி நகர்ந்த அந்த நொடியில் யாராவது மணியை அழுத்தினால்? மருந்துக் கருவிக்குச் செயலி பதில் சொன்ன பிறகும் மணி கம்பியை உயர்த்தியே பிடித்திருக்கும். கம்பி கீழே இறங்காததால் புதிதாக ஏற்றமே இல்லை. செயலி திரும்பிப் பார்க்காது — அதன்பின் யார் கூப்பிட்டாலும்! அணைத்துப் போடும்வரை.

மார்ச் 16
இரண்டையும் தாறுமாறாக அழுத்தும் ஒரு அமைப்பைச் செய்து ஓடவிட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் தடவை ஒலித்தது. பிறகு ஊமை. என் வரி. நான் எழுதின வரி.

மார்ச் 17
திருத்தமும் ஒரே வரிதான்: ஏறும் கணத்தை மட்டும் பார்க்காதே, ஏறியிருக்கும்வரை பதில் சொல். ஒரு லட்சம் தடவை ஓட்டினேன். ஒன்றும் தப்பவில்லை.

மார்ச் 18
இருநூறையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன்.
"எழுதிக் குடுத்தா யார் தப்புன்னு கேப்பாங்க. உங்க பேர்தான் வரும்."
"வரட்டும் சார்."
வாய் சொல்லிடுச்சு. வேலையே போயிட்டா? பயமாத்தான் இருக்கு.

மார்ச் 19
அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தேன். "நான் அழுத்தினேம்மா, யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார்.
"நீங்க அழுத்தினீங்க. தப்பு என்னோடது."
வெகுநேரம் என் கையை விடவில்லை. திரும்பி வந்ததும் முதலாளிக்கும் மருத்துவமனைக்கும் எழுதினேன். என் பெயரோடு.

மார்ச் 21
பதில் இல்லை.

ஏப்ரல் 11
முதலாளி பெட்டிகளைத் திரும்ப வரவழைத்துவிட்டார். வேலை போகவில்லை, புதுக் கருவிக் குழுவில்தான் நான் இல்லை. பழுதுபார்க்கும் அறையில் ஒரு மேசை. திரும்பி வந்தவற்றில் இன்று நூற்று நாற்பதாவது பெட்டியைத் திருத்தி முடித்தேன். மதியம் அண்ணி போன் செய்தார்.
"வார்டுக்குப் புதுசா ஒரு நோயாளி வந்திருக்கார். தலையணை சரியில்லன்னு காலையிலேர்ந்து பத்து தடவை மணி அடிச்சுட்டார், ஒண்ணுகூடத் தப்பல. நடந்து நடந்து கால் போச்சு, எல்லாம் உன்னால!"
"நல்லா நடங்க அண்ணி" என்றேன். அடுத்த பெட்டியைத் திறந்தேன்.