பகலில் அடைத்த மேலைவாயில்

நன்மை பெருகுக. மூன்று ஆறுகள் பாயும் வெண்ணாவல் நாட்டின் அரசமாதாவும், பாசறை சென்றிருக்கும் மகனிடம் முத்திரை மோதிரம் பெற்று அவன் திரும்பும் வரை நாடு காப்பவளுமாகிய திருமாமணி தேவி, நெடுங்குன்ற நாட்டுக் காவலனும், பகைவரும் மெச்சும் நேர்மை உடையவனும், எம்முடன் ஒரே தாய் மடியில் வளர்ந்தவனுமாகிய தம்பி அண்ணல்வேளுக்கு விடுத்த ஓலை. உன் மலையில் தினையும் தேனும் குறைவின்றி விளைக. உன் சுனைகள் கோடையிலும் வற்றாதிருக்க.

தம்பி, அவையோரை அனுப்பிவிட்டு அருகே வா. ஓலை வாசிப்பவனும் வேண்டாம், நீயே படி. உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். சின்ன வயதில் நான் சொல்லும் கதையின் முடிவு பிடிக்காவிட்டால், மாற்றிச் சொல் என்று அழுவாய். இந்தக் கதையில் நடந்ததை யாராலும் மாற்ற முடியாது. முடிவு மட்டும் உன் கையில் இருக்கிறது.

எம் மேலைவாயில் காவலன் சாத்தங்காரி உன்னிடம் அடைக்கலம் புகுந்திருக்கிறான் என்றும், அவனை விலங்கிட்டு அனுப்புமாறு எம் தலைமை அமைச்சர் விடங்கனார் கேட்டிருக்கிறார் என்றும், செய்வது யாது என்றும் நீ வினவியிருந்தாய். விலங்கோடு அனுப்பினால் அவன் தலை தப்பாது. ஆகவே முதலிலிருந்து கேள்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் விடங்கனார் ஒரு யோசனை சொன்னார். கோடையில் கதிரவன் முந்தி எழுகிறான், மக்களோ தூங்குகிறார்கள். மாலையில் விளக்கெண்ணெயை எரிக்கிறார்கள். எனவே கோடை முழுவதும் அரண்மனை முரசை இரண்டு நாழிகை முந்தி முழக்குவது, கார் பிறந்ததும் பழையபடி பின்னுக்குத் தள்ளுவது. பாசறைக்குப் புறப்படும் அவசரத்தில் என் மகன் அதற்கு முத்திரை வைத்தான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான் தம்பி. விடங்கனார் கெட்டவர் அல்லர்.

முதலில் ஊர் சிரித்தது. விடியல் முரசு கேட்டு இருட்டில் எழுந்தவர்கள் விளக்கேற்றித்தான் வாசல் தெளித்தார்கள். அந்தியில் மிச்சமான எண்ணெய் விடியலில் எரிந்தது. செக்கு வைத்திருப்பவர் கடைத்தெருவில் நின்று, "அமைச்சர் நூறு வருசம் இருக்கணும், எனக்கு வியாபாரம் ரெண்டு மடங்கு" என்று கும்பிட்டாராம். பசுக்கள் மட்டும் முரசுக்குக் கட்டுப்படவில்லை. மடி ஊறாத மாட்டை இருட்டில் உதைபட்டுக் கறந்தார்கள்.

எம் கோட்டை வழக்கம் உனக்குத் தெரியும். அந்தி முரசு முழங்கினால் வாயில் அடைபடும். அரச முத்திரை காட்டாமல் விடியும் வரை திறக்கக் கூடாது. கோடை முரசு வந்த பிறகு வெயில் காயும்போதே வாயிலை அடைத்தார்கள். ஒருநாள் மேய்ச்சலிலிருந்து திரும்பிய இடையர்களுக்கு இரங்கி, முரசு முழங்கிய பின்னும் சாத்தங்காரி வாயிலைத் திறந்து வைத்திருந்தான். அதற்காக அவனுக்கு முச்சந்தியில் கசையடி விழுந்தது. அடிக்கச் சொன்னவர் விடங்கனார்.

அந்த முதுகுப் புண் ஆறுவதற்குள் விடங்கனாரின் ஒரே மகள் நறுங்கோதைக்கு நாள் முந்தியே வலி கண்டது. மருத்துவச்சி ஆவுடையாள் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவள். அழைக்கப் போன ஆள், அவள் பின்னால் வருகிறாள் என்று சொல்ல முன்னால் ஓடிவந்துவிட்டான். அவள் பொழுதைப் பார்த்து நடப்பவள். பொழுது பனை உயரம் இருக்கும்போதே மேலைவாயிலுக்கு வந்துவிட்டாள். வாயில் அடைத்திருந்தது.

அவள் கதவைத் தட்டி, "யப்பா காரி, என் நிழலப் பாரு. ராத்திரியில விழுற நிழலா இது?" என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்கும் கண்ணு இருக்கு ஆத்தா. முரசு அடிச்சாச்சு. அடிச்சா ராத்திரிதான்."

"அமைச்சர் வீட்டுப் பிரசவம்டா."

"தெனம் பத்துப் பேரு அமைச்சர் வீடுன்னுதான் சொல்லுறாங்க. என் முதுகு இன்னும் காயல, போ ஆத்தா."

அவள் மதிலைச் சுற்றித் தெற்குவாயிலுக்கு ஓடினாள். முரசுக் கணக்கில் அங்கும் இரவாகி, வாயில் அடைத்திருந்தது.

இதற்குள் குழந்தை பிறந்துவிட்டது, உதிரம் நிற்கவில்லை. மருத்துவச்சி வெளியே நிற்கிறாள் என்று அறிந்து, மேலாடையும் இல்லாமல் விடங்கனாரே என் முற்றத்துக்கு ஓடிவந்தார். "இரவில் வாயில் திறக்க முத்திரை வேண்டும் தாயே" என்றார். தம்பி, அவர் வெயிலில் நின்றுகொண்டு அதைச் சொன்னார். அவர் நெற்றி வியர்வை வெயிலில் மின்னியது. அவருக்கும் அது தோன்றவில்லை. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை.

ஆவுடையாள் வீட்டுக்குள் நுழைந்தபோது நறுங்கோதையின் கால்கள் குளிர்ந்திருந்தன. உயிர் போய்விட்டது. பெண்குழந்தை பிழைத்தது.

அன்றே விடங்கனார் காவலனின் தலையைக் கேட்டார். சாத்தங்காரி உன் மலைக்கு ஓடினான். மகளை இழந்தவரிடம் நியாயம் பேச எனக்கு நா எழவில்லை. உனக்கு வந்த அவருடைய ஓலை அந்த நாட்களில் எழுதியது.

தீட்டுக் கழிந்ததும் குழந்தைக்குச் சாதகம் எழுதக் கணியரை அழைத்தார்கள். நானும் போயிருந்தேன். கணியர் எழுத்தாணியை எடுத்துவிட்டுத் தயங்கினார். முரசுப்படி குழந்தை இரவில் பிறந்தது, கதிரவன்படி பகலில் பிறந்தது, எதைக் கொண்டு எழுதுவது என்று பணிவோடு கேட்டார். ஆணையைப் பிறப்பித்தவரிடமே கேட்க வேண்டியிருந்தது, பாவம்.

விடங்கனார் சட்டென்று, "குழந்தை தலையெழுத்தில் பொய் எழுதாதீர் ஐயா. அப்போது நல்ல வெயில். பகல் என்றே எழுதும்" என்றார்.

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கணியர் ஓலையை விட்டு நிமிரவே இல்லை. விடங்கனார், "அப்படியானால் வாயிலை அடைத்ததும் பகலில்தானே" என்றார், யாரிடமும் கேட்காதவர் போல. பிறகு, "அவன் முதுகில் அடிக்கச் சொன்னதும் நான்தான்" என்றார். தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அழுகை அப்போதுதான் வந்தது. மகளை எடுத்துப் போனபோதுகூட அவர் அழவில்லை.

ஆகவே தம்பி, எம் ஆணை கேள். இன்று முதல் வெண்ணாவல் நாட்டில் முரசு கதிரவனுக்குப் பின்னால் நடக்கும். எந்தக் கோடைக்காகவும் முந்தாது. சாத்தங்காரி குற்றமற்றவன். அவனுக்கு வயிறார உணவிட்டு, முதுகுக்கு மருந்திட்டு, இவ்வோலையையே காவலாகக் கையில் கொடுத்து அனுப்புக. மேலைவாயில் அவன் பொறுப்பிலேயே இருக்கும். மாலையில் வந்து சேர்ந்தாலும் அஞ்ச வேண்டாம் என்று சொல். வெளிச்சம் உள்ளவரை வாயில் திறந்திருக்கும்.

எம் அரக்கு முத்திரைக்குக் கீழே இரண்டாவது முத்திரை ஒன்று கோணலாக விழுந்திருப்பதைக் காண்பாய். போலி என்று ஐயுறாதே. விடங்கனார் தம் கையால் வைத்தது.

உன் வீட்டில் பிறக்கும் பிள்ளைகள் தாயின் முகம் பார்த்து வளரட்டும். அவசரம் என்று வந்து தட்டுபவருக்கு உன் கதவு எந்நேரமும் திறக்கட்டும். உன் மனையில் விளக்கு, இருட்டியபின் ஏற்றப்பட்டு, விடிந்தபின் அணைவதாக இருக்கட்டும். நீயும் உன் குடியும் நீடு வாழ்க.